ஆபீஸுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்

வாசகர் கேள்வி–பதில்

வாரநாளில் வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் ‘டிராக் டே’க்கு இருங்காட்டுக்கோட்டைக்கோ செட்டிபாளையத்துக்கோ என்று ஒரே பழைய காரை வைத்து இரண்டையும் சமாளிக்க நினைப்பவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: பட்ஜெட் ஆறு லட்சம். தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரி போய்வர வேண்டும். மாதம் ஒரு டிராக் டேயாவது போக ஆசை. ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கும், ஒரு பலேனோ ஆர்எஸ்ஸும் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பரோ ஸ்விஃப்டே போதும் என்கிறார். எதை எடுக்கலாம்?
— வேளச்சேரி வாசகர்

முதலில், ஆறு லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். நாலரைக்குள் காரை முடித்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்துக்கு முதல் மாதத்திலேயே வேலை இருக்கிறது: நான்கு டயர், முன் பிரேக் பேட், பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், லோயர் ஆர்ம் புஷ், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ். டிராக்குக்குப் போகும் காரில் பணம் கரைவது இன்ஜினில் அல்ல, டயரிலும் பிரேக்கிலும்தான். அதனால் அந்த இரண்டும் எந்தக் காருக்கு மலிவாகவும் சுலபமாகவும் கிடைக்கிறதோ, அதுதான் உங்களுக்கான கார்.

இந்தக் கணக்கில் போலோ ஜிடி டிஎஸ்ஐ அடிபட்டுப் போகிறது. 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். இன்ஜினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அதன் ஏழு ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸில். அதில் உள்ள இரண்டு கிளட்சும் ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். ஓ.எம்.ஆர் நெரிசலில் கார் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கம்ப்யூட்டர் அரை கிளட்சிலேயே வண்டியை நகர்த்திக்கொண்டிருக்கும். சூடு ஏறும், தட்டு தேயும், நகரும்போது வண்டி உதறத் தொடங்கும். கியர் மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். தினமும் சோழிங்கநல்லூர் சிக்னலைக் கடக்கப் போகும் காருக்கு இது ஆகாது. போலோதான் வேண்டும் என்றால் 2020 முதல் 2022 வரை வந்த 1.0 டிஎஸ்ஐ ஆறு கியர் மேனுவலைத் தேடுங்கள். 110 பிஎஸ், கையால் மாற்றும் கியர், இந்தத் தலைவலி இல்லை. ஆனால் ஓட்டுபவர்கள் விடமாட்டேன் என்று வைத்திருப்பதால் உங்கள் பட்ஜெட்டுக்குள் நல்ல வண்டி சிக்குவது கஷ்டம்.

பலேனோ ஆர்எஸ் 2017-இல் வந்தது. 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, 102 பிஎஸ், எடை சுமார் 950 கிலோ, நான்கு சக்கரத்திலும் டிஸ்க். காகிதத்தில் பார்த்தால் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். குறைவாகவே விற்ற மாடல் என்பதால் டர்போ பைப், பின் டிஸ்க், முன் பம்பர் போன்ற ஆர்எஸ்ஸுக்கே உரிய பாகங்கள் கடையில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். கார் ஒன்றே ஒன்று என்றால் காத்திருக்கும் நாளெல்லாம் ஆபீஸுக்கு ஆட்டோதான்.

நண்பர் சொல்வதைச் சும்மா ஒதுக்க வேண்டாம். 2018-இல் வந்த ஸ்விஃப்ட் 83 பிஎஸ், எடை சுமார் 870 கிலோ. அதாவது டன்னுக்கு 95 பிஎஸ். ஜிடி டிஎஸ்ஐ 1,100 கிலோவை ஒட்டி இருப்பதால் அதற்கும் டன்னுக்கு ஏறக்குறைய அதே 95தான். டர்போவின் நடு வேகத் தள்ளல் ஸ்விஃப்டில் கிடைக்காது, உண்மை. ஆனால் எடை குறைந்தால் பிரேக் சூடாவது குறையும், டயர் தேய்வது குறையும், வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்கும்.

நம் தீர்ப்பு: பாகங்களுக்குக் காத்திருக்கத் தயாராக இருந்தால், சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருக்கிற, கை வைக்காத பலேனோ ஆர்எஸ் என்றால் அதை எடுங்கள். அதில் சந்தேகம் எழுந்தால் ஸ்விஃப்ட் மேனுவல். முதல் ஒரு வருடத்துக்கு அதில் பவர் ஏற்றவே வேண்டாம்.

கே: கோவையில் 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல் பார்க்கப் போகிறேன். ஒரே ஓனர், 52,000 கிலோமீட்டர் என்கிறார்கள். மெக்கானிக்கை அழைத்துப் போகிறேன். அவர் பார்ப்பது போக நான் என்னென்ன பார்க்க வேண்டும்?
— பொள்ளாச்சி வாசகர்

நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்க்க வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில்தான் நீலப் புகை, டைமிங் பக்கச் சத்தம், ஐட்லிங் தள்ளாட்டம் எல்லாம் வெளியே தெரியும். ஸ்டார்ட் ஆன முதல் சில நொடி நீலப் புகை வந்து நின்றால் வால்வ் சீலையும் டர்போவையும் சந்தேகியுங்கள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலன்ட்டும் குறைந்திருந்தால் அப்படியே திரும்பி விடுங்கள்.

பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மெக்கானிக்கிடம் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறு பெயின்ட். ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி பூசி டிங்கரிங் செய்திருக்கிறார்கள். பம்பரோ, கதவில் சின்னக் கீறலோ பெரிய விஷயமல்ல. பானெட்டைத் திறந்து முன் சஸ்பென்ஷன் மேலே வந்து உட்காரும் இடத்தையும், ஏப்ரனையும் (இன்ஜின் அறையில் சக்கரத்தை ஒட்டிய உள் தகடு), அதிலுள்ள ஸ்பாட் வெல்டையும் பாருங்கள். இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒரே மாதிரி, சம இடைவெளியில் வட்டக் குழிகள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மழுங்கியோ, சீலன்ட் கையால் இழுத்த மாதிரியோ இருந்தால் வண்டி முன்னால் பலமாக வாங்கியிருக்கிறது. அலைன்மென்ட் ஒருபோதும் நிற்காது. டிராக்குக்குச் சரிப்படாது.

சென்னை நம்பராக இருந்தால் வெள்ளத்தையும் யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு இந்த மாடல் தப்பியது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குத் தப்பியதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அரை மீட்டரில் சேற்றுக் கோடு இருக்கும், யாரும் அதைக் கழுவுவதில்லை. சீட்டுக்கு அடியில் ரெயில் போல்ட் துரு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியின் அடியில் மண், டேஷ்போர்டுக்குக் கீழே கனெக்டரில் பச்சைப் பூப்பு, இவற்றில் இரண்டு சேர்ந்தாலே வேண்டாம்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டும்போது எரர் கோடு இல்லை என்றதும் திருப்திப்பட்டுவிடக் கூடாது. கார் தன் சுயபரிசோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டும் ‘ரெடினஸ்’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்லாம் ‘இன்னும் முடியவில்லை’ என்று காட்டினால், நீங்கள் வரும் முன்புதான் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் காரணம் புரிந்துவிடும்.

டர்போவுக்கு: ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, விசிறி நடுவிலுள்ள நட்டை விரலால் அசைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் அசையவே கூடாது. விசிறி இதழ் நுனி சுவரில் உரசிய தடமும் இருக்கக் கூடாது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் குழாயில் மெல்லிய ஆயில் படலம் இருக்கலாம், தேங்கி நின்றால் சீல் போயிருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். முள் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. 52,000-இல் அது நடந்தால் வண்டி ரீமேப் ஆகி (பவர் ஏற்ற இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். மூன்றிலிருந்து இரண்டுக்குச் சற்று வேகமாக இறக்குங்கள். கரகரத்தால் கியரைச் சத்தமின்றிச் சேர்க்கும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது.

ஏற்கெனவே டிராக்கில் ஓடிய வண்டியா என்பதும் மறையாது. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கும் அல்லது மயிரிழை வெடிப்புகள் இருக்கும். காலிப்பர் ரப்பர் கருகியிருக்கும். முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தின்றுபோயிருக்கும். பின் சீட்டுக்கு அடியில் ரேஸ் பெல்ட்டுக்கு போல்ட் போட்ட ஓட்டைகள்கூட இருக்கலாம். இவை இருந்தாலே நிராகரிக்க வேண்டியதில்லை. ஒழுங்காகப் பராமரிக்கும் டிராக் ஓட்டுநரின் காரில் ஆயில் மற்றவர்களுடையதைவிட அடிக்கடி மாறியிருக்கும். ஆனால் கேட்டபோது ‘டிராக்கா? அந்தப் பக்கமே போனதில்லை’ என்று சொன்னவரிடம் வாங்காதீர்கள்.

கே: ஸ்விஃப்டில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நான்காவது லேப்பில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. எப்படியோ தப்பித்து வந்தேன். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பழையபடி கெட்டியாக இருக்கிறது. ஆயில் லீக்கும் இல்லை. மாஸ்டர் சிலிண்டர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். சரியா?
— திருப்பூர் வாசகர்

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. திரவம் அழுந்தாது, அதனால்தான் பெடலின் அழுத்தம் அப்படியே பேடுக்குப் போகிறது. ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகும், பெடலும் கெட்டியாகும். இந்த ‘தானாகச் சரியாவது’தான் அடையாளம். மாஸ்டர் சிலிண்டர் போயிருந்தால் ஆறிய வண்டியிலும் காலை அழுத்தி வைத்திருக்கையில் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அதைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொரு கோளாறையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் அது பேட் சூட்டில் பிடிமானம் இழப்பது. அதற்கு ஆயில் மாற்றிப் பயனில்லை, பேடைத்தான் மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 தரத்துக்கு வரையறுத்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140. டாட் 4-க்கு 230-உம் 155-உம். டாட் 5.1-க்கு 260-உம் 180-உம். இரண்டு வருடமாக மாற்றாத ஆயில் என்றால் நீங்கள் அந்த இரண்டாவது எண்ணுக்கு அருகில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பெனி டாட் 4 அல்லது 5.1 போடலாம். டாட் 5 மட்டும் கூடாது. பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனால் அது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்காது.

ஒரு லிட்டர் சீல் உடைக்காத டப்பா வாங்குங்கள். மாஸ்டர் சிலிண்டர் வலப் பக்கம் இருப்பதால், பழைய ஆயிலை வெளியேற்றும்போது வழக்கமாக பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தூரத்திலிருந்து கிட்ட வருவார்கள். சர்வீஸ் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் குமிழ் நின்று, டீ நிறம் போய், புது ஆயிலின் வெளிர் நிறம் வரும்வரை எடுக்க வேண்டும். நடுவில் மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே உள்ள ஆயில் டப்பா வற்றிவிடக் கூடாது, வற்றினால் காற்றுப் புகுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளியே எடுத்த ஆயிலையும், ஆறு மாதமாகத் திறந்து கிடந்த டப்பாவையும் பயன்படுத்தாதீர்கள்.

டிராக்குக்குப் போகும்போது பேட் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். தேய்ந்த பேட் டிஸ்க்கின் சூட்டை நேராக ஆயிலுக்குக் கடத்தும். வீல் கப் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். மூன்று, நான்கு வேகமான லேப், பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு லேப் ஆற விடுவது. பிட்டில் நின்றதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், காலையும் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் பேட் பொருள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். ‘டிஸ்க் பெண்டு’ என்று கடைசல் போட அனுப்பும் கேஸ்களில் பல இப்படி வந்தவைதான்.

கே: பார்த்திருக்கும் காரில் ரோல் கேஜ், பக்கெட் சீட் எல்லாம் போட்டுத் தயாராக இருக்கிறது. விலையும் குறைவு. தினசரி ஓட்டத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா?
— ஓசூர் வாசகர்

கூடாது. ரோல் கேஜ் என்பது வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூடு, ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்தது. தலையில் ஒன்றுமில்லாமல் ஓட்டும்போது, ரோட்டில் பக்கவாட்டில் ஒரு இடி வாங்கினாலே தலை போய் மோதுவது அந்த இரும்புக் குழாயில்தான். ஸ்பாஞ்ச் சுற்றியிருப்பதால் பெரிய மாற்றமில்லை. கர்ட்டன் ஏர்பேக் இருந்தாலும் வழியில் குழாய் நிற்கும். பின் சீட்டில் குழந்தையை உட்கார வைக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதும் தவறு.

அதுவும் உண்மையான கேஜா என்று பார்க்க வேண்டும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி மெயின் ஹூப் (முன் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவு) இணைப்புத் தையல் இல்லாத எஃகுக் குழாயில், 45 மில்லிமீட்டர் விட்டம் 2.5 மில்லிமீட்டர் கனம், அல்லது 50-க்கு 2.0 இருக்க வேண்டும். கேட் செய்யும் பைப்பை வளைத்து பெயின்ட் அடித்து ‘கேஜ்’ என்று விற்பவர்களும் உண்டு. உருண்டால் அது மடங்கி உள்ளே வரும். தேசிய சாம்பியன்ஷிப் டூரிங் கார் ரேஸ்தான் இலக்கு என்றால் கேஜ் கட்டாயம். அதற்குத் தனி வண்டி, அதை ஏற்றிப் போக ஒரு டிரெய்லர். டிராக் டே, ஆட்டோகிராஸ் (குறுகிய பாதையில் ஒவ்வொருவராக நேரத்தோடு போட்டி போடுவது) அளவுக்குக் கம்பெனி சீட்டும் மூன்று முனை பெல்ட்டுமே போதும்.

கே: டிராக் டேயில் விபத்து நடந்தால் ஃபுல் இன்சூரன்ஸில் கிளெய்ம் கிடைக்குமா?
— தாம்பரம் வாசகர்

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியைப் படியுங்கள். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் எல்லாம் அதில் விலக்கப்பட்டிருக்கும். ரோட்டில் நடந்ததாகச் சொல்லிக் கிளெய்ம் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது மோசடி. இழந்தால் தாங்கிக்கொள்ளும் விலையிலுள்ள காரை மட்டும் டிராக்கில் விடுங்கள்.

கே: 2002 ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று வருகிறது. கிளப் மெம்பர்கள் எல்லாரும் ‘விடாதே’ என்கிறார்கள். எடுக்கலாமா?
— திருச்சி வாசகர்

106 பிஎஸ், லேசான உடல், இன்றும் ஓட்டினால் சிரிப்பு வரும் இன்ஜின். இரண்டாவது காராக என்றால் எடுங்கள். ஒரே காராக வேண்டாம். 15 வருடம் தாண்டியதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்த ஆர்சி கையில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே பொருள். பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வ் வளைந்து, மிச்சம் பிடித்த காசெல்லாம் ஹெட் வேலைக்குப் போய்விடும்.

கே: டொரொண்டோவில் இருக்கிறேன். கோடையில் தினசரி ஓட்டவும் டிராக்குக்கும் 1999–2005 மாஸ்டா எம்எக்ஸ்-5 பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
— ஸ்கார்பரோ வாசகர்

துரு, துரு, அப்புறம்தான் இன்ஜின். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு இந்தக் காரை இரண்டு இடத்தில் தின்னும். ஒன்று, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள கதவுக் கீழ்ப் பட்டை. துணிக் கூரையிலிருந்து வடியும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளை வழியாகப் போக வேண்டும். இலை அடைத்தால் உள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட்டில் சின்னக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே தகடே இருக்காது. இரண்டு, முன் சேஸிஸ் ரெயில். லிஃப்டில் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தென்றால் அடுத்த காருக்குப் போங்கள். விற்பவர் பட்டைக்குக் கீழே புதிதாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே.

1.8 லிட்டர் இன்ஜின் உழைக்கும். டைமிங் பெல்ட் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை. திறந்த கார் என்பதால் பல டிராக் டேக்களில் ரோல் பார் (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு) இல்லாமல் விடமாட்டார்கள். ரோல் பார் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்துக்கு ஒரு நீளக் கம்பு வைத்தால், ஹெல்மெட்டோடு உங்கள் தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஆறடிக்காரர் என்றால் வாங்கும் முன்பே ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பாருங்கள். ஒன்டாரியோ சேஃப்டி சான்றிதழ் இல்லாமல் ‘உள்ளது உள்ளபடி’ விற்கும் வண்டிகளில் மலிவு விலைக்குப் பின்னால் இந்தத் துருதான் இருக்கும்.

கே: என்னிடம் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல பைக் ஹெல்மெட் இருக்கிறது. கார் டிராக் டேக்கு அது போதாதா?
— மதுரை வாசகர்

சில ஆட்டோகிராஸ் நிகழ்ச்சிகளில் விடுவார்கள், சர்க்யூட்டில் நம்ப வேண்டாம். பைக் ஹெல்மெட் தீ பிடிக்கும் சூழலை மனதில் வைத்துச் செய்ததல்ல. கார் பந்தயத்துக்கென்று ஸ்நெல் என்ற அமைப்பு தரம் கொடுக்கும் எஸ்ஏ வகையில் உள் துணி தீயைத் தாங்கும். ரோல் கேஜ் குழாயில் திரும்பத் திரும்ப மோதுவதற்கும் தனிச் சோதனை உண்டு. எஸ்ஏ என்ற எழுத்துகளும் ஆண்டும் உள்ள ஸ்டிக்கர் வெளியே இருக்காது, உள் துணியை விலக்கினால் தெரியும். ஸ்நெல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தரத்தைப் புதுப்பிப்பதால் 2010 ஸ்டிக்கர் உள்ள பழைய ஹெல்மெட்டை மலிவாக வாங்கி ஏமாறாதீர்கள். பதிவு செய்யும் முன் எந்த ஆண்டு ஸ்டிக்கர் வரை ஏற்பார்கள் என்று நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.